முறுக்கானும் வாய்ப்புற்றும்: நெய்யூரில் எழுதப்பட்ட ஒரு நோய் வரலாறு

தொற்றாநோய் என்றதும் நம் நினைவுக்கு வருபவை சர்க்கரையும் இரத்த அழுத்தமும் மாரடைப்பும்தாம். இவை நகரத்தாரின் நோய்கள், வசதி பெருகியதால் வந்தவை, நேற்று முளைத்தவை என்ற எண்ணம் பரவலாக உண்டு. குமரி மாவட்டத்தின் அனுபவம் வேறு. வயல்வரப்பிலும் பனைவிளையிலும் கடற்கரையிலும் உழைத்து வாழ்ந்தவர்களை இங்கே ஒரு தொற்றாநோய் நூற்றாண்டுக்கும் மேலாகத் தின்று வந்திருக்கிறது. அது வாய்ப்புற்று. அந்நோயின் காரணத்தை மருத்துவ உலகுக்கு எடுத்துச் சொன்ன தொடக்ககாலக் கட்டுரைகளில் மூன்று, நம் நெய்யூரில் பணியாற்றிய மருத்துவர்கள் எழுதியவை. நம்மில் பலர் இதை அறிந்ததில்லை.

(நெய்யூர் எப்படி நாஞ்சில் நாடாகும் என்று தோவாளை, அகஸ்தீசுவரம் நண்பர்கள் சண்டைக்கு வரக்கூடும். ஆகாதுதான், அது கல்குளம் வட்டம். நோயாளிகள் வட்ட எல்லை பார்த்துப் போகவில்லை என்பதோடு அச்சண்டையை முடித்துக்கொள்வோம்.)

லண்டன் மிஷன் சங்கம் ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவரை 1838இல் நெய்யூருக்கு அனுப்பியது. அதிலிருந்து தொடங்கிய மருத்துவப் பணி, இடையிடையே அறுபட்டும் தொடர்ந்தும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிக்குள் தென்திருவிதாங்கூரின் பெரிய மருத்துவமனையாக வளர்ந்தது. 1908ஆம் ஆண்டில் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. ஆர்தர் ஃபெல்ஸ் எழுதியது 209 வாய்ப்புற்று அறுவைகளை ஆராய்ந்தது. பென்டால் எழுதியது திருவிதாங்கூரில் கண்ட 1,700 புற்றுநோயாளிகளைப் பற்றிய தொகுப்பு. அன்றைய ஐரோப்பிய மருத்துவர் அறிந்திருந்த வாய்ப்புற்று, சுங்கான் பிடிப்பவரின் உதட்டிலும் நாக்கிலும் வருவது. இங்கு வந்ததோ கன்னத்தின் உட்புறத்தில். கவுள் என்ற பழஞ்சொல்லைச் சங்கப் பாடல்களில் யானையோடு சேர்த்தே படித்துப் பழகியிருக்கிறோம். அந்தக் கவுளில்தான் இந்நோய் குடியிருந்தது.

அங்கே என்ன இருந்தது? முறுக்கான் இருந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நான்கும் கூடிய உருண்டை.

இதனை வெறும் ஊகமாக விடாமல் கணக்காக்கியவர் நெய்யூரின் இன்னொரு மருத்துவரான ஐ. எம். ஓர். திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோரின் வாய்ப்புற்று பற்றிய அவரது கட்டுரை 1933இல் 'லான்செட்' இதழில் வந்தது. நோயுற்றோரையும் நோயற்றோரையும் அருகருகே வைத்து, நாளொன்றுக்கு எத்தனை முறை போடுகிறாய், எவ்வளவு நேரம் வாயில் வைத்திருக்கிறாய் என்று அவர் கேட்டார். இன்னொரு கேள்வியும் கேட்டார்: இரவில் அதைக் கவுளில் வைத்தபடி உறங்குகிறாயா? முறை கூடக் கூட நோயும் கூடியது. உறங்கும்போதும் வைத்திருந்தவர்களிடம் ஆபத்து மிகுந்திருந்தது. சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுக்கும் உள்ள தொடர்பை இதே வகை ஒப்பீட்டால் டாலும் ஹில்லும் இங்கிலாந்தில் காட்டியது 1950இல். நெய்யூர் பதினேழு ஆண்டு முந்திக்கொண்டது.

வெற்றிலை நமக்குப் பழைய உறவு. கொலைக்களக் காதையில் கோவலன் உண்டு முடித்ததும் கண்ணகி அவனுக்கு வெற்றிலையும் பாக்கும் தருகிறாள். அந்தத் தாம்பூலத்தில் புகையிலை இல்லை, இருந்திருக்கவும் முடியாது. அது அமெரிக்கக் கண்டத்துச் செடி, போர்த்துக்கீசியர் வழியே வந்தது. வந்தபின் நாம் அதை ஏற்றுக்கொண்ட வேகம் வியப்புக்குரியது. சீனிச்சர்க்கரைப் புலவர் அதைத் தூதாகவே அனுப்பிவிட்டார்; 'புகையிலை விடு தூது' என்ற அந்நூலை உ. வே. சாமிநாதையர் 1939இல் பதிப்பித்தார். லான்செட் கட்டுரைக்கும் இப்பதிப்புக்கும் இடையே ஆறே ஆண்டுகள். ஒன்று எங்கள் வகுப்பறைக்கு வந்தது. மற்றது வரவில்லை.

திருவிதாங்கூரில் புகையிலை அரசின் தனியுரிமை வணிகமாக இருந்தது. யாழ்ப்பாணப் புகையிலைக்குப் பெரிய சந்தையே திருவிதாங்கூர்தான்; மலையாள வழக்கில் 'ஜாப்பாணம்' என்றே அதற்குப் பெயர். திவான் மாதவராவ் காலத்தில், 1863இல், தனியுரிமை ஒழிந்து சுங்கவரி வந்தது. வரி வந்ததேயொழிய வருவாய் நிற்கவில்லை. வயிற்றுப் பசியை மந்தப்படுத்துவதும் பல்வலியை மரக்கச்செய்வதுமான ஒரு பொருளை, பசியும் பல்வலியும் நிறைந்த மக்களிடம் விற்பதற்கு எந்த விளம்பரமும் வேண்டியிருக்கவில்லை.

இன்று இதன் இயக்கம் ஓரளவு தெளிவாகியிருக்கிறது. புகையிலை பக்குவப்படும்போது நைட்ரோசமீன்கள் எனும் நச்சுகள் உருவாகின்றன. சுண்ணாம்பின் காரத்தன்மை வாயின் மென்தோலைப் புண்ணாக்கி நச்சு உட்புக வழிசெய்கிறது. பாக்கிலுள்ள அரிகோலின் கன்னத்தின் உட்தசையை நாராக இறுக்குகிறது. மூன்று விரல் நுழைய வேண்டிய வாயில் ஒரு விரல் நுழையாமற் போவது இதனால்தான். வெற்றிலை மட்டுமே ஏறக்குறைய குற்றமற்றது. பாக்கை நாம் நெடுங்காலம் அப்பாவி என்று நம்பினோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை புகையிலையோடு கூடிய தாம்பூலத்தை 1985இல் புற்றூக்கி என்று அறிவித்தது. புகையிலையில்லாத தாம்பூலத்தையும் பாக்கையும் அப்பட்டியலில் சேர்க்க 2004 வரை ஆயிற்று.

நெய்யூர் எல்லாவற்றையும் சரியாகக் கண்டது என்று சொல்லிவிடலாகாது. 1922இல் எவரெஸ்ட் பயணத்தை முடித்துவிட்டு நெய்யூரைப் பார்க்க வந்த ஹோவர்ட் சாமர்வெல், சிகிச்சைக்குக் காத்துக்கிடந்த கூட்டத்தைக் கண்டு இங்கேயே பணியாற்றத் தீர்மானித்தார். அவரும் ஓரும் எண்ணற்ற குடற்புண் நோயாளிகளுக்கு அறுவை செய்தார்கள். மரச்சீனியை நம்பி வாழ்ந்த ஏழைகளின் உணவே அதற்குக் காரணம் என்று அக்காலத்தில் வலுவாகக் கருதப்பட்டது. 1982இல் ஆஸ்திரேலியாவில் மார்ஷலும் வாரனும் பெரும்பாலான குடற்புண்களுக்குக் காரணமான ஒரு நுண்ணுயிரியைப் பிரித்தெடுத்தனர்; 2005இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. தொற்றாநோய் என்று எண்ணிய ஒன்று தொற்றுநோயாகிவிட்டது! மரச்சீனி தப்பித்தது. முறுக்கான் தப்பவில்லை, ஒவ்வொரு புதிய ஆய்வும் ஓர் சொன்னதையே உறுதிசெய்தது.

வாய்ப்புற்றின் தனித்தன்மை, அது கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வருவது. வெள்ளைப் படலம், சிவந்த திட்டு, இரண்டு வாரத்தில் ஆறாத புண், குறுகும் வாய் ஆகியவற்றைக் காண ஒரு டார்ச் விளக்குப் போதும். நம் அண்டை மாவட்டமான திருவனந்தபுரத்தில் 1996இல் 13 பஞ்சாயத்துகளில் தொடங்கிய ஆய்வொன்றில், மருத்துவரல்லாத பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். புகையிலையோ மதுவோ பழகியவரிடையே வாய்ப்புற்று இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 2005இல் இம்முடிவு வெளியானதும் அதே லான்செட் இதழில்தான்.

எங்கள் ஆச்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாற்றுநட்டு வீடு திரும்பி, எல்லோரும் உண்டபின் தானும் உண்டு, முறுக்கானை மென்று, இடது கவுளில் ஒதுக்கிக்கொண்டு படுப்பாள். நாங்கள் சிறுவர்கள் அவளருகே படுத்திருப்போம். புகையிலை மணத்தில்தான் எங்களுக்கு உறக்கம் வரும். கன்னத்தினுள் வெளுத்தபோது சுண்ணாம்பு பொத்துவிட்டது என்று தேங்காயெண்ணெய் தடவினாள். வாய் திறக்க முடியாமல் ஆனபின்தான் மருத்துவரிடம் போனது. எத்தனை வருடமாகப் பழக்கம் என்று அவர் கேட்டார். ஐம்பதுக்கு மேல் என்று அத்தை சொன்னாள். எட்டு மாதத்தில் ஆச்சி போய்விட்டாள். ஓரின் ஆய்வைப் பற்றி நாம் படித்தது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து. உறங்கும்போதும் வைத்திருப்பாயா என்ற அந்தக் கேள்வியை, எங்கள் வீட்டிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில், அவள் சிறுமியாக இருந்தபோதே ஒருவர் கேட்டு, விடையும் கண்டு, ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கிறார்.

நம் வகுப்புகளில் இப்போது வெற்றிலை போடும் மாணவர் எவருமில்லை. கடைசி வரிசையில் சிலர் கீழுதட்டுக்கும் ஈறுக்கும் இடையே சிறு புகையிலைப் பொட்டலத்தை ஒதுக்கிக்கொண்டு பாடம் கேட்கிறார்கள். சென்ற பருவத்தில் 'புகையிலை விடு தூது' நடத்தியபோது, அவர்களிடம் ஓரின் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டோம். முதலில் சிரித்தார்கள். இரவுக் கேள்விக்கு ஒருவன் மட்டும் கையுயர்த்தினான்.