மீட்பு என்றொரு சொல்

நாதுவாவை நான் முதலில் ஒரு புகைப்படத்தில்தான் பார்த்தேன். 1861இல் டெக்சஸில் எடுத்த படம். ஒட்ட வெட்டிய தலைமுடி, மார்பில் பால் குடிக்கும் பெண் குழந்தை. படத்தின் கீழே சிந்தியா ஆன் பார்க்கர் என்று போட்டிருந்தது. ஆனால் அந்தப் பெயரை அவர் ஒன்பது வயதிலேயே இழந்துவிட்டார். அவரை வளர்த்த கோமான்சி மக்கள் வைத்த பெயர் நாதுவா. நான் அப்படியே எழுதுகிறேன். வெட்டிய முடியை முதலில் நான் தண்டனை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, கோமான்சிப் பெண்கள் இழவு காக்கும்போது முடியை வெட்டிக்கொள்வார்கள்.

1836 மே மாதம் பார்க்கர் குடும்பத்தின் கோட்டைக் குடியிருப்பைப் பூர்வகுடிப் படையொன்று தாக்கியது. நாதுவாவின் தந்தை உட்பட ஆண்கள் கொல்லப்பட்டார்கள். ஐந்து பேரைப் பிடித்துச் சென்றார்கள். அந்த ஐவரில் ஒருவர் ரேச்சல் ப்ளம்மர், நாதுவாவின் உறவுப் பெண். கர்ப்பிணியாகப் பிடிபட்டவர். சிறையிருப்பில் பிறந்த குழந்தையைப் பறிகொடுத்தார், அடிமை வேலை செய்தார், பணம் கொடுத்து மீட்கப்பட்ட பிறகு 1838இல் தன் அனுபவத்தை அச்சில் கொண்டுவந்தார். அவருடைய துயரத்தைக் குறைத்துச் சொல்லிவிட்டு நாதுவாவைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை. ரேச்சல் திரும்பிவர விரும்பினார், வந்தார்.

நாதுவா விரும்பவில்லை. கோமான்சி மொழியிலேயே வளர்ந்தார். பீட்டா நோக்கோனா என்ற தலைவரை மணந்தார். குவானா, பெக்கோஸ் என்று இரண்டு மகன்கள், கடைசியாக ஒரு மகள். பிடித்துச் செல்லப்பட்ட சிறுமிக்குத் தேர்வு என்று ஏதாவது இருந்ததா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் இருபத்து நான்கு ஆண்டுகள் கழித்து அவருக்கு வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அப்போதும் யாரும் அவரைக் கேட்கவில்லை.

1860 டிசம்பரில் பீஸ் ஆற்றங்கரையில் இருந்த முகாமை சல் ராஸ் தலைமையில் வந்த ரேஞ்சர்களும் குதிரைப்படையும் தாக்கின. டெக்சஸ் அதைப் பெரும் போர் என்று கொண்டாடியது. செத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள் என்று பின்னாளில் வரலாற்றாசிரியர்கள் எழுதினார்கள். ராஸ் மாநில ஆளுநராகவே ஆனார். கைக்குழந்தையோடு தப்பி ஓடிய ஒரு பெண்ணின் நீலக்கண்களைப் பார்த்து, இவள் வெள்ளைக்காரி என்று பிடித்துவந்தார்கள். மகன்களை அவர் அதன்பின் பார்க்கவே இல்லை.

டெக்சஸ் சட்டமன்றம் அவருக்கு ஆண்டுக்கு நூறு டாலர் வீதம் ஐந்து ஆண்டுகளுக்கு உதவித்தொகையும் ஏறத்தாழ 4,400 ஏக்கர் நிலமும் ஒதுக்கியது. இரண்டு ஆண் உறவினர்களை அவருக்குச் சட்டப்படியான பாதுகாவலர்களாக நியமித்தது. மூன்று பிள்ளைகளைப் பெற்று வளர்த்த பெண்ணுக்குப் பாதுகாவலர்! எத்தனையோ முறை அவர் தப்பிப்போக முயன்றார். ஒவ்வொரு முறையும் திரும்பப் பிடித்து வந்தார்கள். முதல் முறை நடந்ததற்குக் கடத்தல் என்று பெயர். இதற்கு மீட்பு.

சில ஆண்டுகளில் மகள் நோயில் இறந்தாள். 1870 வாக்கில் நாதுவாவும் போனார். ரேச்சலைப் போல அவர் எதையும் எழுதி வைக்கவில்லை. அவரைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் அவரைப் பிடித்தவர்களும் வைத்திருந்தவர்களும் சொன்னவை. அதனால்தான் அந்தப் படத்திற்கே திரும்பத் திரும்பப் போகிறேன். அதில் அந்த முடி மட்டும் அவர் வெட்டியது.

மகன் குவானா 1875இல் சரணடைந்து, பின்னர் ஒதுக்கீட்டு நிலத்தில் கோமான்சிகளின் தலைவரானார். தாயின் குடும்பப் பெயரைத் தன் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 1910இல் டெக்சஸிலிருந்து தாயின் எலும்புகளை ஓக்லஹோமாவுக்குக் கொண்டுவந்து புதைத்தார். அடுத்த ஆண்டு அவரையும் பக்கத்தில் புதைத்தார்கள். 1957இல் ராணுவம் தன் ஏவுகணைத் தளத்தை விரிவாக்கியபோது அந்தக் கல்லறைகளையும் தோண்டி வேறிடத்துக்கு மாற்றினார்கள்.