மணலும் ஓலையும்: அழித்தெழுதும் குறுந்தகட்டின் கதை

திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் முதலில் மணலில் விரலால் எழுதிப் பழகினர். கை தேறிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் கிடைத்தன. மணலில் எழுதியதை உள்ளங்கையால் தடவினால் போதும், அடுத்த எழுத்துக்கு இடம் பிறந்துவிடும். ஓலையில் கீறியதோ கீறியதுதான். கணினிக் கோப்புகளை நாம் குறுந்தகடுகளில் சுமந்து திரிந்த ஆண்டுகளிலும் இவ்விரு வகைகள் இருந்தன. ஒருமுறை மட்டுமே எழுதவல்ல சிடி-ஆர், ஓலையின் வழிவந்தது. அழித்து மீண்டும் எழுதவல்ல சிடி-ஆர்டபிள்யூ, மணலின் வழிவந்தது. இங்கு நாம் பேசப் புகுவது பின்னதைப் பற்றி.

இந்த மணலுக்கு மூலவர் என்று ஒருவரைச் சுட்ட வேண்டுமானால் ஸ்டான்ஃபோர்ட் ஓவ்ஷின்ஸ்கியைச் சுட்டலாம். 1922இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பிறந்தவர். தந்தை லித்துவேனியாவிலிருந்து குடியேறி, பழைய உலோகங்களைச் சேகரித்து விற்றுப் பிழைத்தவர். மகன் கல்லூரி வாசலை மிதிக்கவில்லை. கடைசல் பட்டறையில் தொழில் கற்றார். அணுக்கள் படிகமாக அணிவகுத்து நிற்கும் பொருளே மின்னணுவியலுக்கு உகந்தது என்று அறிஞருலகம் கருதிய நாளில், கண்ணாடியைப்போல் ஒழுங்கின்றிக் கிடக்கும் பொருளும் உதவும் என்று 1968இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். நியூயார்க் டைம்ஸ் அதை முதற்பக்கச் செய்தியாக்கியது. பட்டம் பெற்ற இயற்பியலாளர் பலருக்கு அது உவப்பாக இல்லை. பட்டறைக்காரர் பாடம் நடத்துவதை எந்தச் சபைதான் எளிதில் பொறுக்கும்? ஒழுங்கிலிருந்து ஒழுங்கின்மைக்கும், அங்கிருந்து மீண்டும் ஒழுங்குக்கும் லேசர் ஒளியைக் கொண்டே மாற்ற முடியும் என்று 1971இல் அவரும் அவர்தம் குழுவினரும் காட்டினர். அக்கருத்து, கடையில் வாங்கக்கூடிய அழித்தெழுதும் குறுந்தகடாக உருப்பெற 1997 ஆயிற்று. ஓவ்ஷின்ஸ்கி 2012இல் மறைந்தார்.

தகட்டின் உள்ளே நிகழ்வது அழகான செயல். வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெல்லூரியம் ஆகிய நான்கும் கலந்த மெல்லிய படலம் ஒன்று அதில் உண்டு. லேசர் கதிர் ஒரு புள்ளியை 500 பாகைக்கும் மேல் சுடவைத்து உருக்கும். உடனே அது ஆறிவிடுவதால் அணுக்கள் வரிசை பிடிக்க நேரமின்றி அலங்கோலமாக உறைந்துபோகும். அந்தப் புள்ளி மங்கலாகத் தெரியும். அதுவே எழுத்து. அழிக்கும்போது கதிரின் வலுவைக் குறைத்து, ஏறத்தாழ 200 பாகையில் சற்றே கூடுதல் நேரம் வைத்திருந்தால் அணுக்கள் மீண்டும் அணிவகுக்கும், புள்ளி பளபளக்கும். இவ்வாறு ஓராயிரம் முறை வரை செய்யலாம் என்பது கணக்கு. ஆனால் அந்தப் பளபளப்பும் சாதாரணக் குறுந்தகட்டின் பளபளப்பில் மூன்றிலொரு பங்கைக்கூட எட்டாது. ஆகவே பழைய வட்டியக்கிகள் இந்தத் தகட்டைப் படிக்க மறுத்தன. ஒரு கணினியில் ஆசையாய் எழுதி எடுத்துச்சென்ற தகடு, மற்றொன்றில் வெற்றுத் தகடாய்க் காட்சியளித்ததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

அன்று மாற்று வழி என்ன இருந்தது? 1.44 மெகாபைட் கொள்ளும் நெகிழ்வட்டு. 650 மெகாபைட் தகடொன்று அத்தகைய 450 வட்டுகளுக்கு நிகர். நெகிழ்வட்டைப்போலவே கோப்பை இழுத்துப்போட்டு எழுதும் வசதிக்காக டைரக்ட்சிடி, இன்சிடி முதலிய மென்பொருள்கள் வந்தன. அவற்றுக்கு ஏற்பத் தகட்டை முன்கூட்டியே பண்படுத்த வேண்டும். அதில் நூறு மெகாபைட்டுக்கும் மேல் இடம் போய்விடும். பொறுமையும் வேண்டும்: இரட்டை வேகத்தில் முழுத் தகட்டையும் ஒருமுறை சுற்றிவர 37 நிமிடங்கள். இவ்வளவும் செய்த பின், யூடிஎஃப் என்னும் அந்த அமைப்பைப் படிக்க விண்டோஸ் 98 உள்ள கணினியில் தனி மென்பொருளையும் நிறுவ வேண்டியிருந்தது. சுமப்பதற்கென்றே பிறந்த பொருள், போய்ச்சேரும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவரை வேண்டி நின்றது.

தமிழில் எழுதியோருக்குச் சுமை இன்னும் ஒன்று கூடுதல். ஒருங்குறி பரவாத அந்நாளில் தமிழ் எழுத்துகள் ரோமன் எழுத்துகளுக்குரிய இடங்களிலும் அமர்ந்திருந்தன. எந்த எழுத்து எந்த இடத்தில் என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறியது. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டையொட்டி டாம், டாப் ஆகிய குறியேற்றங்களைத் தமிழக அரசு தரமாக ஏற்றது; இணைய ஆர்வலர்களிடையே டிஸ்கியும் வழங்கியது. விண்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியை ஆதரித்த பின்னரும் அச்சகங்கள் பழைய எழுத்துருக்களை எளிதில் விடவில்லை. அரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010இல்தான். ஆகவே ஒரு கதையைத் தகட்டில் எடுத்துச்செல்கிறவர் எழுத்துருவையும் உடன் எடுத்துச்செல்ல வேண்டும். மறந்தால், திறந்த கோப்பில் ரோமன் எழுத்துகளும் நிறுத்தக்குறிகளும் முயங்கிக் கிடக்கும்.

நம்மை உறுத்துவது வேறொன்று. ஓலைச் சுவடியைப் பதிப்பிப்பவர்க்குப் பாடவேறுபாடு செல்வம். அழித்தெழுதும் தகட்டின் இயல்போ பாடவேறுபாட்டைத் தின்பது. திங்கட்கிழமை வரைவின்மேல் வியாழக்கிழமை வரைவு எழுதப்பட்டது, முன்னது போயிற்று. ஆயினும் ஒரு விதிவிலக்கு உண்டு. தகட்டை அழிக்க ‘முழு அழிப்பு’, ‘விரைவு அழிப்பு’ என இரு முறைகள் இருந்தன. அவசரக்காரர்கள் நாடிய இரண்டாவது முறை, தகட்டின் தொடக்கத்திலுள்ள பொருளடக்கத்தை மட்டுமே துடைக்கும். நூலின் முகப்பேடுகளைக் கிழித்துவிட்டு நூலே இல்லை என்று சொல்வதற்கு ஒப்பானது அது. மேலே புதிதாக எழுதப்படும் வரை பழைய எழுத்து தகட்டில் அப்படியே இருக்கும். எனவே ‘வெற்று’ என்று ஒதுக்கிய தகடு உண்மையில் வெற்றாக இல்லாமலிருக்க வாய்ப்புண்டு.

2000ஆம் ஆண்டின் இறுதியில் எட்டு மெகாபைட் கொள்ளளவுடன் வரத் தொடங்கிய விரலிகள் சில ஆண்டுகளில் இந்தத் தகடுகளின் தேவையை ஒழித்தன. பிறகு மடிக்கணினிகளிலிருந்து வட்டியக்கியே நீங்கியது. இடைப்பட்ட அந்தச் சிறு காலத்துக் கவிதைகள், மொழிபெயர்ப்புகள், அச்சேறாத இதழ்ப் பக்கங்கள் எத்தனையோ பேரின் இழுப்பறைகளில் தகடுகளாக உறங்குகின்றன. அவற்றை எழுப்ப விழைவோர் யூஎஸ்பி வழி இணையும் வட்டியக்கி ஒன்றை முதலில் தேட வேண்டும். கோப்புகள் திறந்தால் உடனடியாகப் படியெடுத்துவிட்டு, பின்னர் குறியேற்ற மாற்றிகொண்டு ஒருங்குறிக்கு மாற்றலாம். உடன் கிடைக்கும் எழுத்துருக் கோப்பைக் குப்பையென்று நீக்கிவிட வேண்டாம். அந்தப் பக்கங்கள் எந்தக் குறியேற்றத்தில் எழுதப்பட்டன என்பதற்குப் பல வேளைகளில் அதுவே ஒரே சாட்சி.