பாட்டனைக் கேட்ட சட்டம்

எனது தாத்தா 1978ஆம் ஆண்டு, கண்டியை அடுத்த ஹேவாஹெட்டைப் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் காலமானார். கவ்வாத்து வெட்டுவதில் தேர்ந்தவர். பேரப்பிள்ளைகள் மீது உயிரையே வைத்திருந்தவர். தேயிலை மலை ஓரத்தில் தப்பு முழங்க அவரை அடக்கம் செய்தோம். தமிழகத்துக்குச் சென்றுவிட்ட சித்தப்பாவுக்குத் தந்தி கிடைத்தபோது எல்லாம் முடிந்து இரண்டு நாட்களாகியிருந்தன. பின்னர் அந்த மலையில் புதுக் கன்றுகள் நடப்பட்டன. இன்று அவரது குழிமேட்டை அடையாளம் காண இயலாது.

அதே வட்டாரத்து லூல்கந்துர தோட்டத்தில்தான் 1867ஆம் ஆண்டு ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1892இல் அவர் இறந்தபோது, பன்னிருவர் கொண்ட இரு குழுக்களாக 24 தொழிலாளர் அவருடைய உடலைக் கண்டிவரை மாறி மாறிச் சுமந்து வந்தனர் என்று கூறப்படுகின்றது. கண்டி மகியாவ மயானத்தில் டெய்லரின் கல்லறையும் அதிலுள்ள வாசகமும் இன்றும் உள்ளன. சுமந்து வந்தவர்களின் பெயர்களை எவரும் கல்லில் பொறிக்கவில்லை.

நினைவுக்கல் இல்லாமற்போனது மனக்குறை மட்டுமே. ஆனால் பாட்டனாரின் பிறப்புக்குப் பத்திரம் இல்லாமற்போனது ஒரு சமூகத்தின் தலைவிதியையே மாற்றிற்று என்பதைப் புலம்பெயர்ந்த நாடுகளில் வாழும் வாசகர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமெனில், அவருடைய தந்தை இலங்கையில் பிறந்திருத்தல் வேண்டும். அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். தான் இந்த மண்ணில் பிறந்தது மட்டும் போதாது.

தாத்தா இங்கேதான் பிறந்தார். அவருடைய தந்தையோ மன்னாரிலிருந்து மாத்தளைவரை காடு வழியே நடந்து வந்த தலைமுறையைச் சேர்ந்தவர். ஆகவே எங்கள் தந்தையார் பிரஜையாவது தாத்தாவின் பிறப்பை நிரூபிப்பதிலேயே தங்கியிருந்தது. லயத்தில் பிறந்த தாத்தாவுக்குப் பிறப்புப் பதிவு இல்லை. தோட்டத்துச் செக்ரோலில் அவர் பெயர் இருந்தது உண்மை. ஆனால் கிளாக்கர் மாறுந்தோறும் அதன் ஆங்கில எழுத்துகளும் மாறின. மலையகத்தில் ஒரு நாள் வேலைக்குப் ‘பேர்’ என்பார்கள். பாதி நாளுக்கு ‘அரைப்பேர்’. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேர் போட்ட மனிதருக்குச் சட்டத்தின் முன் பெயர் இல்லை!

1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 8 இலட்சத்து 25 ஆயிரம் பேருக்காக விண்ணப்பங்கள் சமர்ப்பிக்கப்பட்டன. பிரஜாவுரிமை பெற்றோர் சுமார் 1 இலட்சத்து 34 ஆயிரம் பேர் மட்டுமே. எங்கள் குடும்பத்து விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது.

அதன்பின் 1964 ஒக்டோபரில் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 5 இலட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியாவும் 3 இலட்சம் பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1 இலட்சத்து 50 ஆயிரம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. தந்தையார் இலங்கைப் பங்கில் சேர்ந்தார். சித்தப்பா இந்தியப் பங்கில் சேர்ந்தார். கோச்சியேறித் தலைமன்னார் சென்று கப்பலேறிய அவர், நீலகிரியில் மீண்டும் தேயிலைக் கொழுந்துக்கே போய்ச் சேர்ந்தார். இலங்கையில் நாங்கள் ‘இந்தியர்’. தமிழகத்தில் அவர்கள் ‘சிலோன்காரர்’. ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள் இரு தேசத்தவரானோம்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம், 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் பிரஜாவுரிமை வழங்கிற்று. அதைக் காணத் தாத்தா இருக்கவில்லை. அவர் இறக்கும்வரை எந்த நாட்டுப் பிரஜையாகவும் இருக்கவில்லை.

மலையக மக்களின் 200 ஆண்டு நிறைவையொட்டி 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. பெயர் தெரியாத மூதாதையர் நடந்த தடத்தில் பேரப்பிள்ளைகள் நடந்தனர். கல்லறை இல்லாதவர்களுக்கு அதைவிடச் சிறந்த அஞ்சலி வேறில்லை என்றே எண்ணுகின்றேன்.

இன்று பிரஜாவுரிமைக்காகப் பாட்டனாரின் பத்திரத்தை எவரும் எம்மிடம் கேட்பதில்லை. ஆயினும், தோட்டங்களில் வாழும் முதியோரிடம் அவர்தம் பாட்டன், பூட்டன் பெயர்களையும் வந்த ஊரையும் கேட்டு எழுதி வையுங்கள். அரசாங்கப் பதிவேட்டில் இடம்பெறாதவர்களுக்கு அந்த ஏடே பதிவேடு. எனது தாத்தாவின் பெயரை முதல் வரியில் எழுதி, கோத்தகிரியிலுள்ள சித்தப்பா மகனுக்கு ஒரு பிரதி அனுப்பியிருக்கின்றேன். அவர்களுடைய கிளையை அவர் எழுதிச் சேர்க்க வேண்டும்.