பூகெய்நெஸ்

பூகெய்நெஸ், நார்வேயின் வடகிழக்கு மூலையில் வராங்கர் கடற்கழியின் தென்கரையில் உள்ள மீனவர் ஊர். ரஷ்ய எல்லை அதிக தூரமில்லை. ஆர்க்டிக் வட்டத்துக்கு வெகு வடக்கே இருந்தாலும், அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டத்தால் இங்கே கடல் உறைவதில்லை. நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுவில்தான் மறுபடி தலைகாட்டும். அந்த இருட்டிலும் படகுகள் தொழிலுக்குப் போகின்றன.

வசிப்பவர்கள் ஏறத்தாழ 200 பேர். 19ஆம் நூற்றாண்டில் வறுமைக்கும் பஞ்சத்துக்கும் தப்பிப் பின்லாந்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்களே பலர். 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை இந்த ஊர் அடங்கிய பின்மார்க் பகுதியைக் கொளுத்திக்கொண்டே போனது. தப்பிய மிகச் சில ஊர்களில் இதுவும் ஒன்று. பழைய மரவீடுகள் இன்றும் நிற்பது அதனால்தான்.

நெருப்புக்குத் தப்பிய ஊரை வேலையின்மை கிட்டத்தட்ட காலி செய்தது. மீன் பதனிடும் ஆலை நொடித்துப்போக, 1989இல் ஊரார் நாளிதழில் ஒரு விளம்பரம் கொடுத்தார்கள்: எங்கள் எல்லாரையும் ஒன்றாகக் குடியமர்த்திக்கொள்ள எந்த ஊராவது முன்வருமா? பிழைப்புப் போனாலும் பிரிந்து போக மனமில்லாதவர்களின் வேண்டுகோள் அது. நாடே திரும்பிப் பார்த்தது; ஊர் இடம்பெயரவில்லை.

பிழைப்பு திரும்பியது எதிர்பாராத பக்கத்திலிருந்து. பசிபிக்கைச் சேர்ந்த ராஜ நண்டுகளைச் சோவியத் அறிவியலாளர்கள் 1960களில் மூர்மன்ஸ்க் அருகே கடலில் விட்டிருந்தார்கள். அவை பெருகி மேற்கே நகர்ந்து வராங்கருக்குள் நுழைந்தன. காட் மீனுக்குப் போட்ட வலைகளில் கூட்டங்கூட்டமாகச் சிக்கி வலையையே கிழித்தன. ஒரு நண்டு முள் நிறைந்த கால்களை விரித்தால் ஒன்றரை மீட்டரையும் தாண்டும். வலையிலிருந்து அதைப் பிரித்தெடுப்பதற்குள் கை ரணமாகிவிடும்.

2002இல் வணிக முறையில் நண்டுப் பிடிப்பு தொடங்கியது. ஹெர்ரிங் மீனை இரையாக வைத்த கூடுகளைக் கடலடியில் இறக்கி, நண்டை உயிரோடு தூக்குகிறார்கள். குளிர்ந்த கடல்நீர்த் தொட்டிகளில் காத்திருக்கும் அது, உயிரோடே விமானமேறி ஆசிய நாடுகளின் உணவகங்கள் வரை போகிறது.

ஆனால் இந்த நண்டு கடலடியின் சிப்பி, புழு, கடல் முள்ளெலி எல்லாவற்றையும் மேய்ந்துவிடும். அதனால் நார்வே அரசு இரட்டை விதி வகுத்தது. கிழக்கே, பூகெய்நெஸ் அடங்கிய பகுதியில், ஒவ்வொரு படகுக்கும் அளவு உண்டு. சிறு மீனவர்களின் வருமானத்துக்காக நண்டினம் காக்கப்படுகிறது. 26 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு மேற்கே அளவே இல்லை. அங்கே பிடிபட்ட நண்டைத் திரும்பக் கடலில் விடுவது குற்றம்.