நெருப்பு மட்டும்தானா ஆபத்து?
திருகோணமலைத் துறைமுக வணிகரும் காப்புறுதியின் வரலாறும்

திருகோணமலை நகரிலோ கிண்ணியாவிலோ மூதூரிலோ ஒரு சிறு கடைக்குக் காப்புறுதி எடுத்தால், கைக்கு வரும் பத்திரத்தின் தலைப்பில் பெரும்பாலும் 'தீக் காப்புறுதி' என்றுதான் இருக்கும். ஆனால் இந்தத் துறைமுகப் பகுதியின் கடந்த நூறு வருடக் கதையைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். 1942இல் விமானக் குண்டு. 1964இல் சூறாவளி. 1983இல் கலவரம். 2004இல் கடல். 2006இல் மறுபடியும் யுத்தம். இவற்றில் ஒன்றுகூட 'தீ' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்காது.

எந்த ஆபத்துக்கு யார் பொறுப்பு என்பதை முன்கூட்டியே பேசி, பெயர் சொல்லி எழுதிக்கொள்வதுதான் காப்புறுதியின் உயிர். அந்தப் பேச்சு வெள்ளைக்காரன் வந்த பிறகு தொடங்கியதல்ல. கடலை நம்பிப் பிழைத்த முஸ்லிம் வணிகரிடம் அது வேறு பெயர்களில் நெடுங்காலம் இருந்தது. அதை மறந்துவிட்டுப் பத்திரத்தில் கண்ணை மூடிக் கையொப்பமிடுவதால்தான் இன்று பல கடைக்காரர் ஏமாந்து நிற்கிறார்கள்.

கடலோடிகளின் கணக்கு

வாடைக்காற்று வீசும் மாரி காலத்தில் சோழமண்டலக் கரையில் கப்பல் ஒதுங்குவதற்குப் பாதுகாப்பான இடம் கிடையாது. அது திறந்த கரை. குன்றுகள் அரணாக நிற்கும் திருகோணமலையின் ஆழமான துறைமுகத்துக்காகப் போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அடிபட்டதற்கு இது முக்கியமான காரணம். இதே கடலில்தான் நாகூர், நாகபட்டினம், பரங்கிப்பேட்டை மரைக்காயர்களின் மரக்கலங்கள் அச்சே, கெடா வரை போய்வந்தன.

இந்துமா கடல் வணிகர் காப்புறுதிப் பத்திரம் இல்லாமல் எப்படிச் சமாளித்தார்கள்? கெய்ரோவின் பழைய யூதத் தொழுகைக் கூடமொன்றில் கிடைத்த கெனீஸா ஆவணங்கள் 11, 12ஆம் நூற்றாண்டுகளின் இந்திய வணிகம் பற்றி நிறையச் சொல்கின்றன. அந்த வணிகர் தங்கள் சரக்கை ஒரே கப்பலில் ஏற்றவில்லை. பல கப்பல்களில் பிரித்து அனுப்பினார்கள். ஒன்று மூழ்கினாலும் மற்றது கரைசேரும்.

இரண்டாவது வழி முழாரபா. ஒருவர் முதல் போட, மற்றவர் உழைப்பைப் போடுவார். இலாபத்தைப் பேசியபடி பங்கிடுவார்கள். உழைப்பவரின் கவனக்குறைவு இல்லாமல் சரக்கு அழிந்தால், நட்டம் முதல் போட்டவருக்கு. உழைத்தவருக்கு அவர் பட்ட பாடு நட்டம். கடல் கொண்டுபோனால் யாருக்கு எவ்வளவு இழப்பு என்பது பயணம் புறப்பட முன்னரே தீர்ந்துவிடும்.

மூன்றாவது, புயலில் கப்பலை இலகுவாக்கச் சிலரின் மூட்டைகளைக் கடலில் வீசும்போது வரும் வழக்கு. வீசப்பட்ட மூட்டைக்காரர் மட்டும் ஏன் நட்டப்பட வேண்டும்? தப்பிய சரக்குக்காரரும் பங்கேற்க வேண்டாமா? கப்பல் வாடகை பற்றி எழுந்த பழைய அரபு நூலான 'கிதாப் அக்ரியதுஸ் ஸுஃபுன்' இந்த விடயத்தை விரிவாகவே பேசுகிறது.

தரையிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. தவறுதலாக ஓர் உயிர் போனால் இரத்தப் பணத்தைத் தனியாள் கட்டி நொந்துபோகாமல், அவரது குலத்தார் சேர்ந்து கட்டும் 'ஆகிலா' முறையை இஸ்லாம் ஏற்று ஒழுங்குபடுத்தியது. மதீனா சாசனத்திலும் இரத்தப் பணமும் கைதி மீட்புப் பணமும் கூட்டுப் பொறுப்பாகவே சொல்லப்படுகின்றன. உணவு குறைந்த வேளையில் உள்ளதையெல்லாம் ஒரே துணியில் கொட்டிச் சமமாகப் பகிர்ந்த அஷ்அரீ கோத்திரத்தாரை நபிகளார் (ஸல்) பாராட்டிய செய்தியும் நமக்குத் தெரிந்ததே.

'ஸூகறா' என்ற புதுச் சரக்கு

ஐரோப்பாவில் கிடைத்துள்ள மிகப் பழைய காப்புறுதி ஒப்பந்தங்களில் ஒன்று 1347இல் ஜெனோவாவில் எழுதப்பட்டது. அதுவும் கடல் வணிகம் பற்றியதுதான். 1666இல் லண்டன் மாநகர் எரிந்த பின்னரே வீடு, கடைகளுக்கான தீக் காப்புறுதி அங்கே தொழிலாக வளர்ந்தது. 'தீ' என்ற சொல் பத்திரத்தின் தலைப்பில் வந்து குந்தியதற்கு லண்டனின் அனுபவம் காரணம், திருகோணமலையின் அனுபவமல்ல.

இந்தப் பழக்கம் முஸ்லிம் துறைமுகங்களுக்கு வந்தபோது உலமாக்கள் என்ன சொன்னார்கள்? டமஸ்கஸின் ஹனஃபி அறிஞர் இப்னு ஆபிதீன் (மறைவு 1836) இதை 'ஸூகறா' என்ற பெயரில் ஆராய்ந்தார். வணிகர் கப்பல் வாடகைக்கு மேலதிகமாக அந்நிய நாட்டவர் ஒருவருக்கு ஒரு தொகை கொடுக்கிறார்; சரக்கு தீயாலோ மூழ்கியோ கொள்ளைபோயோ அழிந்தால் அவர் ஈடு தருகிறார். மார்க்கப்படி தன்மீது கடமையாகாத ஒன்றுக்கு ஒருவர் பொறுப்பேற்கும் இந்த ஒப்பந்தத்தின் மூலம் ஈடு பெறுவது கூடாது என்பது அவரது முடிவு. அதே நேரத்தில், ஆபத்துகளின் பெயர்களை அவர் எவ்வளவு துல்லியமாக எடுத்துச் சொல்கிறார் என்பதைக் கவனியுங்கள்: தீ, மூழ்கல், கொள்ளை. அந்தக் கவனம் இன்று பத்திரம் வாங்கும் எங்களிடம் இல்லை.

விவாதம் அதோடு முடியவில்லை. முஸ்தஃபா அஸ்ஸர்கா போன்ற அறிஞர் 1961இல் டமஸ்கஸ் மாநாட்டில் காப்புறுதி ஆகுமானது என்று வாதிட்டனர். பெரும்பான்மையோர் ஏற்கவில்லை. நிச்சயமின்மை, சூது, வட்டி ஆகிய மூன்றும் அதில் கலந்திருக்கின்றன என்பது அவர்களது கவலை. 1979இல் சூடானில் இஸ்லாமியக் காப்புறுதி நிறுவனம் தொடங்கியது. 1984இல் மலேசியா தகாஃபுல் சட்டம் இயற்றியது. 1985இல் ஜித்தாவின் சர்வதேச ஃபிக்ஹ் அகடமி, வணிகக் காப்புறுதியை மறுத்து, பரஸ்பர உதவியின் அடிப்படையிலான கூட்டுறவுக் காப்புறுதியை மாற்று வழியாகக் காட்டியது. தகாஃபுலில் நீங்கள் கட்டும் பணம் 'தபர்ருஉ', அதாவது ஒருவருக்கொருவர் உதவுவதற்கான நன்கொடை. நிறுவனம் அந்த நிதியை முகவராக நடத்திக் கூலி பெறும். இலங்கையில் 1999இல் அமானா தகாஃபுல் நிறுவப்பட்டதோடு இந்த வழி எங்கட நாட்டுக்கும் வந்தது.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. மார்க்கக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் வணிகக் கேள்வி தீர்ந்துவிடாது. தகாஃபுல் பத்திரத்திலும் எழுதாத ஆபத்துக்கு ஈடு இல்லை.

துறைமுகம் கற்ற பாடங்கள்

1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. துறைமுகத்தில் நின்ற 'சகாயிங்' என்ற கப்பல் எரிந்தது. சீனக்குடா எண்ணெய்த் தாங்கியும் தீப்பற்றியது. எரித்தது நெருப்புத்தான், ஆனால் காப்புறுதி மொழியில் அது 'யுத்தம்'. தரையிலுள்ள சொத்துக்கு யுத்த அபாயத்தை ஏற்பதில்லை என்று பிரித்தானியக் கம்பனிகள் 1937இலேயே தமக்குள் உடன்பட்டிருந்தன. அதனால்தான் இந்தியாவில் 1940இல் சரக்குகளுக்கான யுத்த அபாயக் காப்புறுதியை அரசே கட்டளைச் சட்டம் போட்டு நடத்த வேண்டிவந்தது. ஒரே நெருப்பு, காரணம் மாறினால் பத்திரத்தில் வேறு பெயர் எடுக்கும். இது முதல் பாடம்.

1964 டிசம்பர் 22ஆம் திகதி திருகோணமலைக் கரையைத் தாக்கிய சூறாவளி, அன்றிரவே தனுஷ்கோடியையும் அழித்தது. சூறாவளியும் வெள்ளமும் தீப் பத்திரத்தோடு தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டிய ஆபத்துகள்.

கலவரத்தின் கதை இன்னும் நீளம். 1915இல் தென்னிலங்கையிலும் மலையகத்திலும் முஸ்லிம் கடைகள் சூறையாடப்பட்டபோது, அரசாங்கம் அதே ஆண்டு கலவர நட்டச் சட்டம் கொண்டுவந்து, பாதிக்கப்பட்ட பகுதிகளின் சிங்கள மக்களிடமிருந்து வசூலித்து நட்டஈடு வழங்கியது. இழந்தவருக்குப் பணம் வந்தது; ஊருக்குள் கசப்பும் வந்தது. 1983க்குப் பிறகு 1987ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டத்தால் புனர்வாழ்வு அதிகாரசபை நிரந்தரமாக்கப்பட்டது. அதோடு, வேலைநிறுத்தம், கலவரம், சிவில் குழப்பம், பயங்கரவாதம் ஆகியவற்றுக்கென அரச நிதியமொன்றும் உருவானது. வணிகர் வட்டாரத்தில் 'எஸ்.ஆர்.சி.சி.' என்பார்கள். 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் இப்போது அதை நடத்துகிறது. கடைக்காரர் தன் கம்பனியிடம் மேலதிகக் கட்டணம் கட்டி இதைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். தானாக வராது. 2014இல் அளுத்கம, 2018இல் திகன, 2019இல் மினுவாங்கொடை என்று பார்த்துவிட்ட பிறகும், இந்த ஒரு வரி தன் பத்திரத்தில் இருக்கிறதா என்று பார்க்காத முஸ்லிம் முதலாளிமார் இருக்கத்தான் செய்கிறார்கள்.

2004 டிசம்பர் 26இல் கிண்ணியாவிலும் மூதூரிலும் கடல் ஏறியபோது, அழிந்த சிறு கடை, வள்ளம், ஆலைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காப்புறுதியே இருக்கவில்லை. இருந்தவர்களுக்கும் கணக்குப் புத்தகம், சிட்டை எல்லாம் சரக்கோடு அலையில் போயிருந்தால் எதைக் காட்டிக் கேட்பது? 2006 ஆகஸ்டில் மூதூர் மக்கள் கந்தளாய்க்கு நடந்து போனபோது, பூட்டிய கடைகளின் கதியும் 1942இன் அதே கேள்வியில் வந்து நின்றது: இது யுத்தமா, பயங்கரவாதமா, களவா? பெயரைப் பொறுத்தே பணம்.

2016இல் அரசாங்கம் இயற்கை அனர்த்தங்களுக்கு வீடுகளையும் சிறு வியாபார நிலையங்களையும் 25 இலட்சம் ரூபா வரை காக்கும் தேசியத் திட்டமொன்றைத் தொடங்கியது. நல்ல முயற்சி. ஆனால் அரச திட்டம் வரவுசெலவுத் திட்டத்தோடு மாறக்கூடியது. அதை மட்டும் நம்பிக் கடை நடத்த முடியாது.

கடைக்காரர் கேட்க வேண்டியவை

"அல்லாஹ் காப்பான் சேர், எங்கட கடைக்கு ஒன்டும் வராது" என்று சொல்பவர்கள் உண்டு. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்ற நபிமொழியை அவர்களும் அறிவார்கள். கட்டுவது எப்படி என்பதில்தான் தடுமாற்றம்.

முதலில், ஆபத்தின் பெயர். எங்கட மாவட்டத்தில் தீயோடு சேர்த்துச் சூறாவளி, வெள்ளம், சுனாமி, கலவரம், பயங்கரவாதம் ஆகிய ஒவ்வொன்றும் பத்திரத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று விரலை வைத்துத் தேடுங்கள். முகவர் வாயால் சொன்னது கணக்கில் வராது. விலக்குகள் என்ற பகுதியைக் கட்டாயம் வாசியுங்கள்.

இரண்டாவது, பெறுமதி. கட்டணத்தைக் குறைக்க 40 இலட்சம் ரூபா சரக்கை 20 இலட்சத்துக்குக் காப்புறுதி செய்கிறார் ஒருவர். 10 இலட்சத்துக்குச் சரக்கு எரிகிறது. முழுவதும் வரும் என்று நினைக்கிறார். பத்திரத்தில் சராசரி விதி இருந்தால் வருவது 5 இலட்சம்தான். பாதிக்குத்தானே காப்புறுதி செய்தீர்கள், பாதி நட்டம் உங்களது என்பார்கள். புடைவைக் கடைக்காரர் இதை விசேடமாகக் கவனிக்க வேண்டும். ரமழானில் பெருநாள் சரக்கு வந்து குவியும்போது கடையின் பெறுமதி இரட்டிப்பாகும். பத்திரத்தின் தொகை முஹர்ரத்தில் எழுதியபடியே கிடக்கும்.

மூன்றாவது, ஆதாரம். சிட்டைகள், இருப்புக் கணக்கு, கடையின் படங்கள் ஆகியவற்றின் பிரதி கடைக்கு வெளியே, கரைக்குத் தூரமான வீடொன்றில் இருக்கட்டும். 2004 கற்றுத்தந்த பாடம் இது.

நான்காவது, வேலையாள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டப்படி, வேலையில் காயப்பட்ட ஊழியருக்கு முதலாளி பொறுப்பு. கடையைக் காப்புறுதி செய்து, மூட்டை தூக்கும் பிள்ளையை மறந்துவிடுவது சட்டத்துக்கும் ஆகாது, அமானிதத்துக்கும் ஆகாது.

இவை தனித்தனிக் கடைக்காரர் செய்ய வேண்டியவை. கட்டணம் கட்ட இயலாத தெருவோரக் கடைக்காரரும் வள்ளக்காரரும் எங்களில் நிறையப் பேர். அவர்களுக்கு ஆகிலாவின் பாதைதான் பொருத்தம். ஊர்ப் பள்ளிவாசலும் வர்த்தகர் சங்கமும் சேர்ந்து, சிறு வணிகரை ஒரு குழுவாக்கிக் கம்பனியோடு பேரம் பேசலாம். பத்திரத்தை ஒருவர் தமிழில் வாசித்து விளக்கலாம். பத்திரம் தொடாத நட்டங்களுக்கு பைத்துல்மாலில் ஒரு பங்கை ஒதுக்கலாம். மாரி தொடங்க முன், புரட்டாசியிலேயே இந்தக் கூட்டத்தை வைத்துவிடுவது நல்லது. வாடை கிளம்பிவிட்டால் கப்பல்காரன் பாய் தைக்க மாட்டான்.