சுற்றுச்சூழல் புவி அறிவியல்: ஈயம் காட்டிய வழி

சுற்றுச்சூழல் புவி அறிவியல் என்பது பாறை, மண், நீர், காற்று ஆகியவற்றுக்கும் மனிதச் செயல்களுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறையாகும். இன்று பல பல்கலைக்கழகங்களில் இது தனிப் பாடமாக உள்ளது. இதன் வளர்ச்சியில் அமெரிக்கப் புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சனின் (1922–1995) பணி முக்கியமானது.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் அவர் ஆய்வு மாணவராக இருந்தபோது, வழிகாட்டியான ஹாரிசன் பிரவுன் ஒரு பணியைக் கொடுத்தார். சிர்க்கான் என்னும் கனிமத்திலுள்ள ஈயத்தை அளக்க வேண்டும். யுரேனியம் சிதைந்து ஈயமாக மாறும் வேகம் தெரியும் என்பதால், அந்த அளவைக் கொண்டு பாறையின் வயதைக் கணக்கிடலாம். ஆனால் ஈயம் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக இருந்தது. ஆய்வகக் காற்று, தூசி, வேதிப்பொருள்கள் ஆகியவற்றிலிருந்து அது கலந்திருந்தது.

1952இல் கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்த பேட்டர்சன், அங்கு வடிகட்டிய காற்று வரும் தூய ஆய்வகத்தை உருவாக்கினார். விண்கற்களிலுள்ள ஈயத்தை ஆராய்ந்து, புவியின் வயது ஏறத்தாழ 455 கோடி ஆண்டுகள் என 1956இல் வெளியிட்டார். அந்த மதிப்பு இன்றும் பெரிதாக மாறவில்லை.

அத்துடன் அவர் நிற்கவில்லை. இவ்வளவு ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். ஆழ்கடலைவிடக் கடலின் மேல்மட்ட நீரில் ஈயம் மிகுதி. கிரீன்லாந்தின் பழைய பனி அடுக்குகளைவிடப் புதிய அடுக்குகளில் அது பல மடங்கு. 1920களிலிருந்து பெட்ரோலில் சேர்க்கப்பட்ட ஈயச் சேர்மம் வாகனப் புகையாக வெளியேறியது இதற்கு முக்கியக் காரணம். மனித உடலிலும் இயற்கை அளவைவிடப் பல மடங்கு ஈயம் சேர்ந்துள்ளது என 1965இல் எழுதினார். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு.

எதிர்ப்பு கடுமையாக இருந்தது. எண்ணெய்த் தொழில்துறையிலிருந்து வந்த ஆய்வு நிதி நின்றது. காற்றிலுள்ள ஈயம் பற்றி 1971இல் அறிக்கை தந்த தேசிய ஆய்வுக் குழுவில் அவருக்கு இடம் தரப்படவில்லை. ஆயினும் 1970களில் அமெரிக்கா பெட்ரோலில் ஈயத்தைக் குறைக்கத் தொடங்கியது. 1996இல் சாலை வாகனங்களுக்கு முற்றிலும் தடை செய்தது. இந்தியாவில் 2000ஆம் ஆண்டிலும், கடைசி நாடான அல்ஜீரியாவில் 2021இலும் வாகனங்களுக்கான ஈயப் பெட்ரோல் விற்பனை முடிவுக்கு வந்தது.

இன்று கிணற்று நீரிலுள்ள உலோகங்களை அளக்கும் மாணவர், அதே பாத்திரத்தில் தூய நீரை வைத்தும் அளக்கிறார். பாத்திரமும் காற்றும் தந்த மாசைக் கழித்த பிறகே கிணற்றைப் பற்றி எதுவும் சொல்ல முடியும். இந்தக் கண்டிப்பை எவ்வளவு தூரம் கொண்டுசெல்ல வேண்டும் என்பதைக் காட்டியவர் பேட்டர்சன்.