பழுதான கட்டத்தை யார் ஒதுக்குவது?

கணிப்பொறியின் காந்த வட்டில் செய்திகள் சிறுசிறு கட்டங்களாகப் பதிகின்றன. பழுதே இல்லாத வட்டு அரிது. 2007-இல் ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனத்தின் கணிப்பொறி ஆலை தொடங்கியபோது, ஹார்ட் டிஸ்க்குகள் பழுதான கட்டத்தைத் தாமே ஒதுக்கி, உபரிக் கட்டத்தைப் பயன்படுத்தக் கற்றிருந்தன. முன்பு நிலைமை வேறு.

1980-இல் சீகேட் நிறுவனம் 5 மெகாபைட் வட்டை வெளியிட்டது. அத்தகைய வட்டுகளின்மேல் பழுதுகளின் பட்டியலை ஒட்டியிருப்பார்கள். அதைப் பார்த்து மனிதரே தட்டச்சு செய்து ஒதுக்கவேண்டும். 1990-இல் ஐ.பி.எம். தன் ஏ.ஐ.எக்ஸ். இயக்கமுறையில் லாஜிக்கல் வால்யூம் என்னும் ஏற்பாட்டைத் தந்தது. பல வட்டுகளை ஒரே பரப்பாகக் காட்டிய அது, பழுதான கட்டத்துக்கு மாற்றிடமும் கொடுத்தது.

இதற்கிடையே 1988-இல் பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் ஆகியோர் ‘ரெய்டு’ முறையை விளக்கினர். அம்முறையில் அமைந்த பல வட்டு அடுக்குகள் கணிப்பொறிக்கு வெளியே தனிப் பெட்டியில் நிற்கின்றன. ஒரு கட்டம் கெட்டால், அடுக்கே மற்ற வட்டுகளிலிருந்து செய்தியை மீட்டு வேறிடத்தில் எழுதுகிறது. கணிப்பொறி காணும் கட்ட எண் உண்மையான இடமன்று. இணைப்புக் கம்பியின் கோளாறைக் கட்டத்தின் பழுதென்று கருதி லாஜிக்கல் வால்யூமும் செய்தியை இடம் மாற்றினால், அதே வால்யூமைப் பகிரும் இன்னொரு கணிப்பொறி பழைய இடத்திலேயே தேடி ஏமாறலாம். ஆகவே, அடுக்குகளுடன் இணைக்கும்போது அவ்வசதியை நிறுத்திவைப்பது வழக்கமாயிற்று. ஒரு பேரேட்டைத் திருத்த ஒரு கணக்கர் போதும்.